ஒரே ஆல்பம், பல காதுகள்: சேர்ந்து கேட்டு வாதாடுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் கூடி ஓர் ஆல்பத்தைக் கேட்பது எளிது. கேட்டதைப் பற்றிய பேச்சுதான் இரண்டு வாக்கியங்களில் நின்றுவிடுகிறது. 'அருமை' என்பார் ஒருவர், 'எனக்கு ஒட்டவில்லை' என்பார் இன்னொருவர். அதற்கு மேலும் பேச்சு நீண்டால், யாருக்கு ரசனை உண்டு, யாருக்கு இல்லை என்ற பஞ்சாயத்தாக மாறிவிடும். ஆல்பம் ஒரு மூலையில் கிடக்கும்.

ரசனை வேறுபடுவதால் இப்படி ஆகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் காரணம் வேறு. வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பொருளைக் கேட்டிருப்பதில்லை. கேட்டிருந்தாலும், தாங்கள் பேசுவது எந்தப் பாட்டின் எந்த இடத்தைப் பற்றி என்று சொல்வதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மிச்சமிருக்கும் சண்டை நல்ல சண்டையாக இருக்கும். அதற்கான ஏற்பாடுகளைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஆள் சேர்ப்பது

நான்கு பேருக்குக் குறைந்தால் வாதம் சூடு பிடிக்காது. ஏழெட்டுப் பேருக்கு மேல் போனால் பாதிப்பேர் கேட்காமலே பேச வருவார்கள். எல்லோரும் ஒரே வகை இசையை விரும்புகிறவர்களாக இருக்க வேண்டாம். ஆனால் எல்லோரும் ஆல்பத்தை முழுதாகக் கேட்கச் சம்மதித்தவர்களாக இருக்க வேண்டும். மூன்று பாட்டு கேட்டுவிட்டு 'மற்றதும் இப்படித்தான் இருக்கும்' என்று தீர்ப்பு எழுதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் குழுவுக்கு ஆக மாட்டார்.

தேர்வு முறைவைத்துச் சுற்றி வரட்டும். ஒருவர் தேர்ந்தெடுத்ததை மற்றவர்கள் மறுக்கக் கூடாது. பிடிக்காத வகையிலிருந்து ஓர் ஆல்பம் வருவதுதான் இந்த ஏற்பாட்டின் லாபமே.

இரண்டாம் படி: எதைத் தேர்ந்தெடுப்பது

முதலில் நீளத்தைப் பாருங்கள். கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்த, நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடங்களை ஒட்டியே இடம் இருந்தது. அதனால் 1950கள் முதல் 1980கள் வரையிலான ஆல்பங்கள் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தை ஒட்டி முடிகின்றன. 1982இல் சிடி வந்தது. 74 நிமிடம் வரை கொள்ளும். இடம் இருக்கிறது என்பதற்காகவே அடுத்த தலைமுறை ஆல்பங்கள் பலவும் நீண்டன. புதிதாகத் தொடங்கும் குழு பழைய நாற்பது நிமிட ஆல்பங்களில் தொடங்குவது நல்லது. ஒரே நாளில் இரண்டு முறை கேட்க முடியும்.

அடுத்தது, உங்கள் உயிருக்கு உயிரான ஆல்பத்தை முதல் சுற்றிலேயே கொண்டுவராதீர்கள். அதை யாராவது குறை சொன்னால் உங்களைக் குறை சொன்னதுபோல் தோன்றும்; பதிலும் அப்படியே வரும். உங்களுக்குள் ஒரு கேள்வியை எழுப்பிய ஆல்பத்தைத் தேர்ந்தெடுங்கள். 'பாதி எனக்குப் புரியவில்லை, ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்' என்று நீங்கள் சொல்லும் ஆல்பம் ஒரு மாதத்துக்குப் பேச்சைத் தரும்.

திரைப்பட ஆல்பங்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. படம் பார்த்தவர் பாட்டைக் கேட்கும்போது காட்சியும் கூடவே ஓடும். பார்க்காதவருக்கு அது இல்லை. இருவரும் ஒரே பாட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுவார்கள். படத்தோடு சேர்த்து மதிப்பிடுவதா, பாட்டை மட்டும் மதிப்பிடுவதா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் படத்தைச் சாராத ஆல்பத்துக்குப் போகலாம். இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' நல்ல தொடக்கம். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட அந்த வாத்திய ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வயலினே முன்னால் நிற்கிறது. கர்நாடக, மேற்கத்திய மரபுகள் இரண்டும் அதில் கலக்கின்றனவா, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா என்ற ஒரு கேள்வி போதும், ஒரு மாலை முழுதும் ஓடும்.

மூன்றாம் படி: எந்தப் பதிப்பு என்று உறுதி செய்வது

பலரும் தாண்டிப்போகும் படி இது. எனக்கு இதைவிட முக்கியமான படி வேறில்லை.

பீட்டில்ஸின் 'ரிவால்வர்' 1966இல் பிரிட்டனில் 14 பாட்டுகளோடு வந்தது. அமெரிக்காவில் அதே பெயரில், அதே அட்டையில், 11 பாட்டுகள். விடுபட்ட மூன்றும் குழுவின் ஜான் லெனன் முன்னின்று பாடியவை. அவற்றை அமெரிக்க நிறுவனம் முன்பே வேறோர் ஆல்பத்தில் போட்டுவிட்டது. அதனால் பிரிட்டன் பதிப்பில் லெனன் குரல் முன்னிற்கும் பாட்டுகள் ஐந்து, அமெரிக்கப் பதிப்பில் இரண்டே. 'ரிவால்வர் லெனனின் ஆல்பமா, குழுவின் இன்னொரு பாடகரான பால் மெக்கார்ட்னியின் ஆல்பமா' என்ற பழைய சண்டையை இரண்டு பதிப்புகளைக் கையில் வைத்திருக்கும் இருவர் போட்டால், இருவருமே சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இன்னும் வேடிக்கை. 1959 மார்ச் 2 அன்று அதன் முதல் மூன்று பாட்டுகள் பதிவானபோது, ஒரு ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டித் தட்டு தயாரித்ததால் மூன்றும் இருக்க வேண்டியதைவிடச் சற்று வேகமாகவும் சுருதி கூடுதலாகவும் ஒலித்தன. 1990களின் மறுவெளியீடுகளில்தான் இது திருத்தப்பட்டது. பழைய தட்டில் கேட்டவர், தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய இசைக்கலைஞர், திருத்திய பதிப்பில் கேட்டவர் என மூவர் உட்கார்ந்து அதன் முதல் பாட்டான 'ஸோ வாட்' எவ்வளவு வேகம் என்று பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்துக்கு மோனோ (ஒரே ஒலித்தடம்), ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்) என இரண்டு கலவைகள் உண்டு. 'ஷி இஸ் லீவிங் ஹோம்' மோனோவில் வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் இருக்கும். ராப் பாடகர் கான்யே வெஸ்டின் 'த லைஃப் ஆஃப் பாப்லோ' 2016இல் வெளியான பிறகும் ஸ்ட்ரீமிங் தளங்களில் மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தது. ஆகவே ஆல்பத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. வெளியான ஆண்டு, பாட்டுகளின் எண்ணிக்கை, மொத்த நிமிடம், ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீர்செய்த பதிப்பு) என்றால் எந்த ஆண்டின் ரீமாஸ்டர் என்பதையும் தேர்ந்தெடுத்தவர் எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் ஒட்டவைத்த 'போனஸ்' பாட்டுகளை விலக்கிவிடுங்கள். ஆல்பம் எங்கே முடிய வேண்டும் என்று அதை உருவாக்கியவர்கள் நினைத்தார்களோ அங்கேயே முடியட்டும். அந்தக் கடைசிப் பாட்டுக்குப் பின் வரும் அமைதியும் ஆல்பத்தில் சேர்ந்ததே.

நான்காம் படி: ஒலி ஏற்பாடு

விலை உயர்ந்த கருவி ஒன்றும் வேண்டாம். ஆனால் செயலியின் அமைப்புகளில் சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணையுங்கள். 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதன் பேரில் ஸ்பாட்டிஃபை தன் ஆல்பம் பக்கங்களில் வரிசையாக ஒலிப்பதையே இயல்பாக்கியது. பிற செயலிகளில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டைத் தொடங்கும் வசதியையும் நிறுத்துங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' போன்றவற்றில் ஒரு பாட்டு அடுத்ததற்குள் கரைந்தே போகும். நடுவே அரை விநாடி வெட்டு விழுந்தாலும் அந்த வேலைப்பாடு பாழ். 1973இல் தட்டில் கேட்டவர்களுக்கு உண்மையான நிறுத்தம் ஒன்றுதான்: முதல் பக்கம் முடிந்து தட்டைத் திருப்பும் இடம். அதன்பின் 'மனி'யின் சில்லறைச் சத்தம் இரண்டாம் பக்கத்தைத் திறக்கும். ஸ்ட்ரீமிங்கில் அது நடுவில் வரும் இன்னொரு பாட்டு, அவ்வளவுதான். பழைய ஆல்பம் என்றால் பக்கம் எங்கே பிரிந்தது என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் நிறுத்தி, எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு ஏன் அப்படித் தொடங்குகிறது என்று அப்போதுதான் விளங்கும்.

ஒலி அளவு சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது சற்றே சத்தமாக ஒலிப்பதைத்தான் காது 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லும். இந்தப் பலவீனத்தை நம்பியே பல ஆண்டுகளாக ஆல்பங்கள் மேலும் மேலும் சத்தமாக மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் ஒலியை இறுதியாகச் சீர்செய்வது) செய்யப்பட்டன. 2008இல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் இருந்த அதே பாட்டுகள் சிடியைவிடத் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்து, மறுபடி கலவை செய்யச் சொல்லி மனுவே எழுதினார்கள். சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் இப்படிப்பட்ட வேறுபாடு பிடிபடும். பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலி சமன்படுத்தும் வசதியை இயக்குங்கள். ஒரே ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்கும்போது, அந்த வசதி ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன்படுத்தாமல் ஆல்பம் முழுவதற்கும் ஒரே அளவு வைக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் மெல்லிய பாட்டும் முழக்கமான பாட்டும் ஒரே உயரத்தில் நிற்கும்.

ஐந்தாம் படி: மூன்று முறை கேட்பது

முதல் முறை ஒன்றும் எழுதாதீர்கள். வரிகளைப் படிக்காதீர்கள். விமர்சனங்கள் பக்கம் போகவே கூடாது; ஒருமுறை படித்துவிட்டால் அதன் சொற்கள் வாயை விட்டுப் போகாது.

இரண்டாம் முறை பேனாவோடு. குறிப்பில் பாட்டின் எண்ணும் நிமிடமும் விநாடியும் கட்டாயம் இருக்க வேண்டும். 'பேஸ் (கீழ்ச்சுருதி வாத்தியம்) நன்றாக இருக்கிறது' என்பது யாருக்கும் உதவாது. 'ஸோ வாட்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் தயங்கித் தயங்கித் தொடங்குகின்றன. பிறகு பால் சேம்பர்ஸின் பேஸ் கேள்வி கேட்பதுபோல் ஒரு தொடரை வாசிக்க, இரண்டே சுரக்கூட்டுகளில் பதில் வருகிறது. முதலில் பியானோ மட்டும் பதில் சொல்லும். பிறகு ஊதுகுழல்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஒன்றரை நிமிடத்தை ஒட்டி, டேவிஸ் தன் தனி வாசிப்பைத் தொடங்கும் அதே கணத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் (உலோகத் தட்டில்) ஓங்கி ஓர் அடி அடிக்கிறார். அந்த அடி தேய்ந்து மறைய எவ்வளவு நேரம் ஆகிறது, அதன் மேல் டிரம்பெட் எவ்வளவு சிக்கனமாக வருகிறது என்று கேளுங்கள். 'பாட்டு 1, ஒன்றரை நிமிடம், சிம்பல் தேயும்வரை' என்று ஒரு வரி எழுதினால் போதும். குழுவில் எல்லோரும் அதே இடத்துக்குப் போய்க் கேட்க முடியும். ஒருவர் அது மிகைச் சத்தம் என்பார். இன்னொருவர் அந்த அடி இல்லாவிட்டால் முன்னுரை முடிந்ததே தெரியாது என்பார். இப்போது வாதத்துக்கு ஒரு நிலம் கிடைத்துவிட்டது.

மூன்றாம் முறை விவரங்களோடு: யார் வாசித்தது, யார் தயாரித்தது, எந்த நாளில் எது பதிவானது, வரிகள் என்ன. தெரியாத மொழி என்றால் மொழிபெயர்ப்பை இந்த முறைதான் பார்க்க வேண்டும். வரி புரியாமல் பிடித்த பாட்டு, வரி புரிந்ததும் பிடிக்காமல் போவது உண்டு, எதிர்மாறாகவும் நடக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

மூன்று முறையும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு வாரத்தில் பரப்பிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அறிமுகம் எழுதுவது

தேர்ந்தெடுத்தவர் குழுவுக்கு அனுப்பும் அறிமுகம் ஐந்தாறு வரிக்கு மேல் போகக் கூடாது. பெரும்பாலும் வருவது இப்படி இருக்கும்: 'ஜாஸ் உலகின் மாபெரும் படைப்பு. கேட்காதவர்கள் பாவம் செய்தவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.' இதைப் படித்தவருக்கு இரண்டே வழி, தலையாட்டுவது அல்லது எரிச்சலடைவது.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'மைல்ஸ் டேவிஸ், கைண்ட் ஆஃப் புளூ, 1959. ஐந்து பாட்டுகள், சுமார் 45 நிமிடம், வேகம் திருத்திய பதிப்பு. நான்கு பாட்டுகளில் பியானோ பில் எவன்ஸ். இரண்டாம் பாட்டில் மட்டும் வின்டன் கெல்லி. பியானோ மாறும் அந்தப் பாட்டு ஆல்பத்துக்கு உதவுகிறதா, இடைஞ்சலா? எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.' புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கேட்க உட்காருகிறவருக்கு ஒரு வேலை கொடுத்தாயிற்று.

ஏழாம் படி: வாதம்

தேர்ந்தெடுத்தவர் கடைசியில் பேச வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டாலும் குழு பிழைத்துக்கொள்ளும். அவர் முதலில் பேசினால் நாகரிகம் கருதி மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

வாதம் தொடங்கியதும் அது எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். தகவல் சண்டை என்றால், யார் வாசித்தது, எந்த ஆண்டு என்பதை, சரிபார்த்து முடித்துவிடலாம். காது சண்டை என்றால் அந்த இடத்தை மறுபடி ஒலிக்கவிட வேண்டும், பேசிப் பயனில்லை. மூன்றாவது மதிப்புச் சண்டை. இசையிலிருந்து ஒருவர் அமைதியை எதிர்பார்க்கிறார், மற்றவர் உந்துதலை எதிர்பார்க்கிறார் என்பதுபோல. இதற்கு முடிவு கிடையாது, கிடைக்கவும் வேண்டாம். ஆனால் முதல் இரண்டையும் தீர்க்காமல் நேரே மூன்றாவதில் குதிப்பதால்தான் தொண்டை வறள்கிறது.

மேலே சொன்ன பியானோ கேள்வியில் வாதம் இப்படிப் போகலாம்:

'கெல்லி வரும் பாட்டு அமைதியைக் கலைத்துவிடுகிறது.'

'எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்.'

'தொடக்கக் கருப்பொருள் முடிந்ததும் முதல் தனி வாசிப்பே அவருடையதுதானே, அங்கே. எவன்ஸ் வாசித்தால் இடம் விட்டு வாசிப்பார். இவர் இடத்தை நிரப்பிவிடுகிறார்.'

'நிரப்பட்டுமே. அது பன்னிரண்டு தாளக்கட்டு புளூஸ். அதற்கு அந்த உற்சாகம் வேண்டும். அதைக் கேட்ட பிறகு மூன்றாவதாக "புளூ இன் கிரீன்" வரும்போது அறையே காலியானதுபோல் இல்லையா?'

'அப்படியென்றால் வரிசைதான் வேலை செய்கிறது என்கிறீர்கள்.'

இங்கே ஒரு தகவல் வந்து சேரும். அந்த மார்ச் 2 பதிவு அமர்வில் முதலில் பதிவானது கெல்லி வாசித்த 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'தான். ஆல்பத்தில் அது இரண்டாவது இடத்தில் இருக்கிறது. ஆக, பதிவான வரிசை வேறு, கேட்கக் கிடைத்த வரிசை வேறு. முதல் இடத்தில் அது இருந்திருந்தால்? வரிசையை மாற்றி ஒருமுறை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். மற்ற நேரத்தில் வரிசையைக் குலைக்காதே என்று சொல்லும் நானே, இந்தச் சோதனைக்கு மட்டும் அனுமதி தருவேன். பிடிக்காதவருக்குப் பிடித்துவிடாது. ஆனால் என்ன பிடிக்கவில்லை என்பது துல்லியமாகிவிடும்.

சில சொற்களைக் குழுவில் தடை செய்துவிடலாம். 'அளவுக்கு மீறிப் புகழப்பட்டது' என்பது முதலில் போக வேண்டும். அது புகழ்ந்தவர்களைப் பற்றிய கருத்து. ஆல்பத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. 'இது எல்லோருக்கும் புரியாது' என்பது இரண்டாவது. 'இசையமைப்பாளர் இப்படித்தான் நினைத்திருப்பார்' என்பது மூன்றாவது. அவரே சொன்ன பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கலைஞரின் சொந்த வாழ்க்கை பற்றிய சண்டை முக்கியமானதாகவே இருக்கலாம். அதைத் தனி நாளில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மாலையில் போட்டால் இசை பற்றி ஒரு சொல்லும் மிஞ்சாது.

எட்டாம் படி: மதிப்பெண்

பத்துக்கு எத்தனை என்று கேட்காமல் இருப்பதே நல்லது. கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வாதத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எழுதி வாங்குங்கள். எண்ணைவிட இரண்டுக்கும் இடையே உள்ள நகர்வுதான் பேசத் தக்கது.

பெரிய பட்டியல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடுகிறவருக்கு ஒரு விவரம் சொல்லலாம். அமெரிக்க இசை இதழான 'ரோலிங் ஸ்டோன்' வெளியிட்ட தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் முதலிடம் 'சார்ஜென்ட் பெப்பர்'. 2020இல் புதிய வாக்காளர்களைக் கொண்டு மறுபடி தயாரித்தபோது மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடம் பெற்றது. 'சார்ஜென்ட் பெப்பர்' 24ஆம் இடத்துக்குப் போனது. ஆல்பம் ஒரு சுரம்கூட மாறவில்லை. இதே இதழ் ராக் குழு லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969இல் கடுமையாகத் தாக்கி எழுதியது; 2003 பட்டியலில் அதற்கே இடம் கொடுத்தது. பட்டியல் எந்தக் காலத்தில் யார் கேட்டார்கள் என்பதன் பதிவு. அடுத்து எதைக் கேட்கலாம் என்று தேட நல்ல கருவி. தீர்ப்புக்குப் பயன்படாது.

ஒன்பதாம் படி: பதிவேடு

ஒரு நோட்டோ பகிர்ந்துகொள்ளும் கோப்போ போதும். தேதி, ஆல்பம், பதிப்பு, தேர்ந்தெடுத்தவர், அதிகம் வாதிடப்பட்ட இடம் எது என்ற ஒரு வரி, அவரவர் நிலைப்பாடு ஒவ்வொரு வரி. வாதத்தை முழுதாக எழுதிவைக்க முயலாதீர்கள். இரண்டாம் மாதமே கைவிட்டுவிடுவீர்கள்.

ஆறு மாதம் கழித்து ஏட்டைப் புரட்டி, கருத்து அதிகம் பிளவுபட்ட ஆல்பத்தை மறுபடி வையுங்கள். எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டியதை மறுபடி வைக்க வேண்டாம், அதில் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. பழைய நிலைப்பாடுகளைக் கேட்டு முடித்த பிறகே வாசிக்க வேண்டும். முன்பு எதிர்த்தவர் இப்போது ஆதரித்தால் கேலி செய்யக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேலிக்குப் பயந்தவர் அடுத்த முறை பழைய கருத்தையே பிடித்துக்கொண்டு நிற்பார். அன்று தேர்ந்தெடுத்தவரே மறுபடியும் கடைசியில் பேசட்டும்.